விடுதி வைஃபையில் தனியுரிமை: விபிஎன் தேவையா, ப்ராக்ஸி போதுமா?

வேளச்சேரியில் பெண்கள் விடுதி ஒன்றில் தங்கி வேலைக்குச் சென்றுவரும் ஒருவர் கேட்டிருந்த கேள்வியின் சாரம் இது. விடுதியின் வைஃபை நன்றாகவே இருக்கிறது. ஆனால் விடுதியை நடத்துபவர், இரவில் யார் எத்தனை மணி வரை என்னென்ன பார்க்கிறார்கள் என்பது தனக்குத் தெரியும் என்று ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கைபேசியை எடுக்கவே மனம் கூசுகிறது. உடன் வேலை பார்க்கும் நண்பரோ, விபிஎன்னுக்கு, அதாவது நம் இணையப் போக்குவரத்தை மறைத்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவைக்கு, பணம் கட்ட வேண்டாம், இணையத்தில் கிடைக்கும் இலவச ப்ராக்ஸி (இடைநிலை சர்வர்) முகவரி ஒன்றைக் கைபேசியில் போட்டுக்கொண்டால் போதும் என்கிறார். இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது, அலுவலக மடிக்கணினியில் ஏற்கனவே இருக்கும் விபிஎன்னே போதாதா என்பவைதாம் அவர் கேட்டவை.

இரண்டு கருவிகளை ஒப்பிடச் சொல்வது போல் இருந்தாலும், உண்மையில் கேட்கப்பட்டிருப்பது வேறு. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு தன் இணையப் பயன்பாட்டைக் கவனிக்கும் ஒருவருடைய கண்ணிலிருந்து அதை எப்படி விலக்குவது என்பதே அந்தக் கேள்வி. விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நண்பர் சொல்லும் ப்ராக்ஸி இதற்குச் சற்றும் உதவாது; யோசித்துத் தேர்ந்தெடுத்த விபிஎன் உதவும்; அதைவிட எளிய வழி ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. ஏன் என்பதை விளக்கமாக எழுதுகிறேன், ஏனென்றால் காரணம் புரியாமல் கருவியை மட்டும் மாற்றிக்கொண்டவர்கள் முன்பைவிட அதிகமாக அம்பலப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியின் கணினி மையத்தில் பதினோரு ஆண்டுகள் வலையமைப்பைக் கவனித்துக்கொண்டவன். மாணவர் விடுதிகளின் இணைப்பு முழுவதும் ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி மென்பொருள் வழியாகத்தான் சென்றது. அதன் பதிவுக் கோப்பைத் திறந்தால், ஒவ்வொரு வரியிலும் நேரம், எந்தக் கணினியிலிருந்து வந்த கோரிக்கை, எந்தத் தளம், எத்தனை பைட்டுகள் என்பவை வரிசையாக நிற்கும். ஒரு மாணவரின் உடல்நலக் கவலையையோ, அவர் வேலை தேடி அலைந்ததையோ அந்த வரிகளை வைத்தே ஊகித்துவிட முடியும் என்று உணர்ந்த நாளில், தேவையில்லாமல் அந்தக் கோப்பைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். உங்கள் விடுதியில் அந்தக் கட்டுப்பாட்டை எதிர்பார்க்க வழியில்லை என்பதால், விடுதிக்காரரால் எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

இன்று பெரும்பாலான தளங்களும் செயலிகளும் எச்டிடிபிஎஸ் முறையில் இயங்குகின்றன. உங்கள் கைபேசிக்கும் தளத்துக்கும் இடையில் செல்வது மறையாக்கம், அதாவது என்க்ரிப்ஷன், செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே நீங்கள் என்ன எழுதினீர்கள், எந்தப் படத்தைப் பார்த்தீர்கள், என்ன கடவுச்சொல் கொடுத்தீர்கள் என்பவை விடுதிக்காரருக்குத் தெரியாது. வாட்ஸ்அப் செய்திகளும் வங்கிக் கணக்கு விவரங்களும் அவருக்கு எட்டாது. ஆனால் எந்தத் தளத்துக்குச் செல்கிறீர்கள் என்பது இரண்டு இடங்களில் வெளிப்படுகிறது. முதலாவது டிஎன்எஸ்: தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும்படி உங்கள் கைபேசி விடுதியின் ரவுட்டரிடமே கேட்கிறது; அந்தக் கேள்வி பெரும்பாலும் மறைப்பின்றியே செல்கிறது. இரண்டாவது, எச்டிடிபிஎஸ் இணைப்பு தொடங்கும்போது கைபேசி அனுப்பும் முதல் செய்தி: எந்தத் தளம் வேண்டும் என்ற பெயர் அதில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கும். எச்டிடிபிஎஸ்ஸின் மறையாக்கத்துக்கு அடிப்படையான டிஎல்எஸ் முறையின் 2018இல் வந்த 1.3 பதிப்பு பலவற்றை மறைத்தாலும் இந்தப் பெயரை மறைக்கவில்லை. அதையும் மறைக்கும் ஏற்பாடு இப்போதுதான் பரவி வருகிறது. இவற்றோடு எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எவ்வளவு டேட்டா என்பவையும் சேர்ந்துவிட்டால், அவர் சொன்ன அந்த வாக்கியத்தைச் சொல்வதற்கு அதுவே போதும். விடுதியின் ரவுட்டர் எது, அதில் பதிவு வைக்கும் வசதி இயக்கப்பட்டிருக்கிறதா என்பது கேள்வியில் இல்லாததால், அவர் உண்மையிலேயே பார்க்கிறாரா, பயமுறுத்துவதற்காகச் சொன்னாரா என்பதைத் தீர்மானிக்க முடியாது. பார்க்க முடியும் என்பது மட்டும் உறுதி. அதற்குச் சாதாரண விலை ரவுட்டரே போதும்.

இப்போது நண்பரின் யோசனைக்கு வருவோம். ப்ராக்ஸி என்பது இடையில் நின்று உங்கள் சார்பாகத் தளத்திடம் கேட்டு வாங்கித் தரும் ஒரு சர்வர். உங்கள் ஐபி முகவரிக்குப் பதிலாகத் தன் முகவரியைத் தளத்துக்குக் காட்டுவதுதான் அதனால் கிடைக்கும் பயன். அது முகத்தை மாற்றுவது எதிர்முனையில் இருக்கும் தளத்துக்கு. உங்கள் பக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் மாறுவதில்லை. சாதாரண எச்டிடிபி ப்ராக்ஸியைப் பயன்படுத்தும்போது, இந்தத் தளத்தின் 443ஆம் போர்ட்டோடு (எச்டிடிபிஎஸ் இணைப்புகளுக்கான வாசல் எண்) என்னை இணைத்துவிடு என்று உங்கள் கைபேசி ஒரு கட்டளையை ப்ராக்ஸிக்கு அனுப்புகிறது. தளத்தின் பெயர் அந்தக் கட்டளையில் மறையாக்கமின்றி இருக்கும். அது விடுதியின் ரவுட்டர் வழியாகத்தான் வெளியே செல்லும். சாக்ஸ்5 என்ற வகையும் அப்படியே. அதன் வரையறை 1996இல் எழுதப்பட்டது. சாதாரணமாக அதில் மறையாக்கம் இருக்காது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் ப்ராக்ஸியாக இருந்தால் அவையும் வெளிப்படையாகவே செல்லும். ஆகவே விடுதிக்காரர் முன்பு எதைப் பார்த்தாரோ அதையே இப்போதும் பார்ப்பார். கூடுதலாக, நீங்கள் மறைக்க முயல்கிறீர்கள் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

அதோடு முடிவதில்லை. ஆண்ட்ராய்டு கைபேசியின் வைஃபை அமைப்பில் கொடுக்கப்படும் ப்ராக்ஸியை உலாவி மதிக்கும். மற்ற செயலிகள் மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்கள் மறைந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே பாதிச் செயலிகள் நேர்வழியில் போய்க்கொண்டிருக்கும். இலவச ப்ராக்ஸிப் பட்டியல்களில் இருக்கும் முகவரிகளை யார் நடத்துகிறார்கள் என்பதற்கு எந்த அடையாளமும் கிடையாது. அவற்றில் பல, சரியாகப் பூட்டப்படாமல் திறந்து கிடக்கும் யாரோ ஒருவருடைய சர்வர்கள். இன்னும் சில, கடந்து செல்வதைச் சேகரிப்பதற்காகவே திறந்து வைக்கப்பட்டவை. எச்டிடிபிஎஸ் இல்லாத பழைய தளம் ஒன்றை அதன் வழியாகத் திறந்தால், பக்கத்தின் உள்ளடக்கத்தை மாற்றி அனுப்பவும் அந்த இடைத்தரகரால் முடியும். விடுதிக்காரரை நம்ப முடியாது என்பதற்காக முகம் தெரியாத ஒருவரையும் நடுவில் சேர்த்துக்கொள்வதாகவே இது முடியும்.

ப்ராக்ஸி பயனற்ற பொருள் என்று சொல்ல வரவில்லை. பதினோரு ஆண்டுகள் அதை வைத்துத்தான் பிழைத்தேன். ஒரே பாடநூலை முந்நூறு பேர் பதிவிறக்கும் கல்லூரியில் ஒருமுறை வாங்கி எல்லோருக்கும் தருவதற்கும், நிறுவனத்தில் எந்தத் தளங்கள் கூடாது என்று கட்டுப்படுத்துவதற்கும், ஒரு தளம் வேறு நாட்டில் எப்படித் தெரிகிறது என்று சோதிப்பதற்கும் அது பொருத்தமானது. இணையம் தடுக்கப்படும் இடங்களில் மக்கள் தொடர்பில் இருக்க உதவும் என்று வாட்ஸ்அப் 2023 ஜனவரியில் ப்ராக்ஸி வசதியைச் செயலிக்குள் சேர்த்தது. அங்கே செய்திகள் முனைக்கு முனை மறையாக்கப்பட்டே செல்வதால் இடையில் இருக்கும் ப்ராக்ஸியால் அவற்றைப் படிக்க முடியாது. மறையாக்கத்தோடு கூடிய ப்ராக்ஸி என்ற வகையும் உண்டு. ஓபரா உலாவி 2016இல் இலவச விபிஎன் என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது நுட்ப வகையில் அதுதான்: உலாவிக்கும் அவர்களுடைய சர்வருக்கும் இடையில் மறையாக்கம் உண்டு, ஆனால் பாதுகாப்பு அந்த உலாவிக்குள் மட்டுமே. விபிஎன் என்று பெயர் வைத்து உலாவியில் நிறுவப்படும் நீட்சிகளில் (எக்ஸ்டென்ஷன்) பெரும்பாலானவை இந்த வகையே. கைபேசியில் இருக்கும் மற்ற செயலிகளுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

விபிஎன் வேலை செய்யும் இடம் வேறு. அது உலாவிக்கும் கீழே, இயங்குதளத்தின் வலையமைப்பு மட்டத்தில் ஒரு செயற்கையான வாசலை உருவாக்குகிறது. எந்தச் செயலியிலிருந்து கிளம்பும் தகவலும் அந்த வாசல் வழியாகச் சென்று, அங்கேயே மறையாக்கம் செய்யப்பட்டு, இன்னொரு உறைக்குள் வைக்கப்பட்டு, விபிஎன் சர்வரின் முகவரியோடு வெளியேறுகிறது. டிஎன்எஸ் கேள்விகளும், தளப் பெயரைத் தாங்கிய அந்த முதல் செய்தியும் உறைக்குள்ளேயே இருப்பதால், விடுதியின் ரவுட்டருக்குத் தெரிவது மூன்றே விஷயங்கள்: ஒரு விபிஎன் சர்வரின் முகவரி, இணைப்பில் இருந்த நேரம், டேட்டாவின் அளவு. நீங்கள் கேட்ட பிரச்சினைக்கு நேரான மருந்து இது. இரவு இரண்டு மணிக்கு விழித்திருந்தீர்கள் என்பதை அவர் அப்போதும் சொல்ல முடியும். என்ன செய்தீர்கள் என்று சொல்ல முடியாது.

விபிஎன் எந்த நெறிமுறையில் இயங்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஜேசன் டோனன்ஃபெல்ட் உருவாக்கிய வயர்கார்டு, 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6 கெர்னலில், அதாவது அந்த இயங்குதளத்தின் மையப் பகுதியில், இடம்பெற்றது. சுமார் 4,000 வரிகளில் எழுதப்பட்டது என்பதால் பிழைகளைத் தேடிப் படிப்பது எளிது. கைபேசியில் பேட்டரியையும் அதிகம் தின்னாது. 2001 முதல் இருக்கும் ஓபன்விபிஎன் சற்று மெதுவானது என்றாலும் இன்றைக்கும் நம்பகமானது. வயர்கார்டு பயன்படுத்தும் யுடிபி என்ற தகவல் அனுப்பும் முறையை விடுதியில் தடுத்திருந்தால், ஓபன்விபிஎன்னைச் சாதாரண இணையதளங்கள் பயன்படுத்தும் டிசிபி 443 வழியாக அனுப்பிப் பார்க்கலாம். பிபிடிபி என்ற பழைய முறையை மட்டும் எவர் சொன்னாலும் தொடாதீர்கள். அதன் கடவுச்சொல் சரிபார்ப்பு முறை 2012லேயே உடைத்துக் காட்டப்பட்டது; ஆப்பிள் 2016இல் தன் இயங்குதளங்களிலிருந்து அதை நீக்கிவிட்டது.

இதுவரை எழுதியவை உறுதியானவை. இனி வருவது அவ்வளவு உறுதியில்லாத பகுதி. உங்கள் கவனம் முழுவதும் இங்கேதான் இருக்க வேண்டும். விபிஎன்னைப் போட்டவுடன், விடுதிக்காரர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் விபிஎன் நிறுவனம் வந்து அமர்கிறது. நீங்கள் செல்லும் தளங்களின் பெயர்கள் அதன் சர்வரில் உறையைப் பிரித்து வெளியே எடுக்கப்படுகின்றன. நாங்கள் எதையும் பதிவு செய்வதில்லை என்று ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் விளம்பரம் செய்கின்றன. அது உண்மையா என்பதை வெளியில் இருக்கும் நீங்களோ நானோ சோதித்துப் பார்க்க வழியில்லை. தணிக்கை அறிக்கைகள் வெளியிடும் நிறுவனங்கள் உண்டு. அவை தணிக்கை நடந்த நாளின் நிலையைத்தான் சொல்லும், அடுத்த மாதத்துக்கு உத்தரவாதம் தராது. ஓரளவு நம்பிக்கை தருவது, நெருக்கடி வந்தபோது என்ன நடந்தது என்ற வரலாறு மட்டுமே.

அந்த வரலாற்றில் இரு வகையும் உண்டு. பதிவுகள் வைப்பதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த ப்யூர்விபிஎன், 2017இல் அமெரிக்காவில் நடந்த இணையத் தொல்லை வழக்கொன்றில், ஒருவர் எந்த ஐபி முகவரிகளிலிருந்து தங்கள் சேவைக்கு வந்தார் என்ற விவரத்தை எஃப்பிஐயிடம் தந்தது. குற்றம் செய்தவர் பிடிபட்டதில் எனக்கு வருத்தமில்லை. வைப்பதில்லை என்று சொன்ன பதிவு அவர்களிடம் இருந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. மாறாக, 2023 ஏப்ரலில் சுவீடன் காவல்துறையினர் கோதன்பர்க் நகரிலுள்ள முல்வாட் நிறுவனத்தின் அலுவலகத்துக்குச் சோதனை ஆணையோடு வந்து, கேட்ட வாடிக்கையாளர் தகவல் அங்கே இல்லை என்பதால் எதையும் எடுத்துச் செல்லாமல் திரும்பினர். அந்தச் சேவை மின்னஞ்சல்கூடக் கேட்பதில்லை. ஒரு கணக்கு எண்ணைத் தந்து மாதம் 5 யூரோ வாங்கிக்கொள்கிறது. துருக்கியில் 2016 டிசம்பரில் ரஷ்யத் தூதர் கொல்லப்பட்ட வழக்கில் அங்கிருந்த எக்ஸ்பிரஸ்விபிஎன் சர்வரை அதிகாரிகள் கைப்பற்றியபோதும் பயன்படக்கூடிய பதிவு எதுவும் கிடைக்கவில்லை. அதே எக்ஸ்பிரஸ்விபிஎன் 2021இல் கேப் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனத்துக்கு 93.6 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. உரிமையாளர் மாறிய பிறகு பழைய நற்பெயரை எவ்வளவு தூரம் கணக்கில் எடுத்துக்கொள்வது என்பது அவரவர் தீர்ப்பு. நான் பாதிக்குப் பாதி கழித்துக்கொள்வேன்.

இலவச விபிஎன் செயலிகளைப் பற்றி எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்களும் உடன் பணியாற்றியவர்களும் ஆண்ட்ராய்டில் விபிஎன் அனுமதி கேட்கும் 283 செயலிகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், 18 சதவீதச் செயலிகள் மறையாக்கமே செய்யவில்லை. 38 சதவீதத்தில் தீநிரலின் (மால்வேர்) அறிகுறி இருந்தது. 84 சதவீதம், ஐபி முகவரிகளின் புதிய வகையான ஐபிவி6 வழியாகச் செல்லும் போக்குவரத்தைக் கசியவிட்டன. அது பழைய ஆய்வு, இன்றைய எண்கள் வேறாக இருக்கலாம். ஆனால் பணம் வாங்காமல் சர்வர் வாடகையை யார் கட்டுகிறார்கள் என்ற கேள்வி மாறவில்லை. ஃபேஸ்புக் 2013இல் வாங்கிய ஒனாவோ என்ற நிறுவனத்தின் இலவச விபிஎன் செயலி, மக்கள் எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று தாய் நிறுவனத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது; ஆப்பிளின் நெருக்குதலால் 2018 ஆகஸ்டில் ஆப் ஸ்டோரிலிருந்து வெளியேறியது. இன்னும் மோசமானது 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை முடக்கிய 911 எஸ்5 வலை. மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன் போன்ற இலவசச் செயலிகளை நிறுவியவர்களின் விண்டோஸ் கணினிகள், அவர்களுக்குத் தெரியாமலேயே மற்றவர்கள் வாடகைக்கு எடுக்கும் ப்ராக்ஸிகளாக மாற்றப்பட்டிருந்தன. அந்த வலையில் 1.9 கோடி ஐபி முகவரிகள் இருந்தன. உங்கள் நண்பர் தேடித் தரும் இலவச ப்ராக்ஸி முகவரி ஒன்றின் மறுமுனையில், இப்படி ஏமாந்த ஒரு குடும்பத்தின் கணினி இருக்கக்கூடும். இலவசமாகவே வேண்டும் என்றால், பணம் கட்டும் வாடிக்கையாளர்களை வைத்து நடக்கும் நிறுவனம் ஒன்று மாதிரிக்காகத் தரும், வேகமோ நாடுகளோ குறைக்கப்பட்ட இலவசத் திட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் இருப்பதால் சட்ட நிலையையும் சொல்ல வேண்டும். நான் வழக்கறிஞன் அல்லன். வலையமைப்பு வேலையின் பொருட்டு அந்த ஆணையைப் படித்தவன் என்ற அளவில் எழுதுகிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின் கீழ், இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, விபிஎன் சேவை தருபவர்களும், வாடகைக்கு சர்வர் தருபவர்களும், கிளவுட் நிறுவனங்களும் வாடிக்கையாளரின் சரிபார்க்கப்பட்ட பெயர், முகவரி, தொடர்பு எண், மின்னஞ்சல், ஒதுக்கப்பட்ட ஐபி முகவரிகள், எதற்காகச் சேவையை எடுக்கிறார் என்ற காரணம் ஆகியவற்றை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. முதலில் ஜூன் மாதமே நடைமுறைக்கு வருவதாக இருந்து, செப்டம்பர் 25க்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதற்கு முன்பே எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்டுவிபிஎன் ஆகியவை இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. சில செயலிகளில் இன்றும் தெரியும் இந்திய இடம் என்பது, சிங்கப்பூர் போன்ற இடங்களில் இருந்துகொண்டு இந்திய ஐபி முகவரியைக் காட்டும் சர்வர். அந்த ஆணை சேவை தருபவர்களுக்கானது. தனிநபர் ஒருவர் விபிஎன் பயன்படுத்துவதைக் குற்றமாக்கவில்லை. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்காக நடத்தும் விபிஎன்னுக்கு அது பொருந்தாது என்றும் பின்னர் தெளிவுபடுத்தப்பட்டது. உறவினர் யாராவது அமீரகத்தில் இருந்து இதைப் படித்துச் செயல்பட நினைத்தால், அங்கே நிலைமை வேறு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்: 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் சட்டப்படி, ஐபி முகவரியை மறைத்துக் குற்றம் செய்வதற்கோ அந்தக் குற்றம் கண்டுபிடிக்கப்படாமல் தடுப்பதற்கோ சிறையும், 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமும் விதிக்க முடியும்.

விபிஎன் எதைச் செய்யாது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் பாதியாகவே நின்றுவிடும். கூகுள் கணக்கில் உள்நுழைந்துகொண்டே தேடினால், நீங்கள் எந்த நாட்டின் சர்வர் வழியாக வந்தாலும் கூகுளுக்கு நீங்கள் நீங்களே. தளங்கள் உலாவியில் விட்டுச்செல்லும் சிறு அடையாளக் கோப்புகளான குக்கீகளும் அப்படியே. திரையின் அளவு, எழுத்துருக்கள், உலாவியின் பதிப்பு போன்றவற்றைச் சேர்த்துப் பார்த்தாலே ஒருவரைப் பிரித்தறியலாம் என்று, இணைய உரிமைகளுக்காகப் பாடுபடும் இஎஃப்எஃப் அமைப்பு 2010இல் காட்டியது. அவர்கள் சோதித்த உலாவிகளில் 83.6 சதவீதம் மற்ற எதனோடும் ஒத்துப்போகாத தனித்தன்மை கொண்டிருந்தன. விளம்பர நிறுவனங்களிடமிருந்து மறைய வேண்டும் என்பது உங்கள் கேள்வியாக இருந்திருந்தால், விபிஎன்னைவிட உலாவியின் அமைப்புகளைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருப்பேன். உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து இருக்கும் ஒருவர் கேட்டிருந்தால், மூன்று சர்வர்கள் வழியாகச் சுற்றிச் சென்று, எந்த ஒன்றுக்கும் முழு விவரமும் தெரியாதபடி செய்யும் டோர் பற்றிச் சொல்லியிருப்பேன். உங்களுடையது அந்த நிலை இல்லை.

ஆகவே உங்கள் சூழ்நிலைக்கு நான் செய்திருக்கக்கூடியது இதுதான். முதலில் விடுதி வைஃபையையே விட்டுவிட்டு என் சொந்த மொபைல் டேட்டாவைப் பயன்படுத்துவேன். முதலில் சொன்ன எளிய வழி இதுவே. விடுதிக்காரர் படத்திலேயே இருக்க மாட்டார். தொலைத்தொடர்பு நிறுவனம் பார்க்கும் என்பது உண்மை; இணைப்பு விவரங்களை அவர்கள் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்ற உரிம விதியும் இருக்கிறது. ஆனால் அவர்கள் உங்கள் படியில் ஏறி இறங்கும்போது எதிரே நின்று உங்களைப் பார்ப்பவர்கள் இல்லை. தனிப்பட்டவற்றை மொபைல் டேட்டாவிலும், பெரிய பதிவிறக்கங்களையும் திரைப்படங்களையும் வைஃபையிலும் வைத்துக்கொண்டால் விபிஎன்னே தேவைப்படாமல் போகலாம். டேட்டா போதவில்லை, அல்லது அறைக்குள் சிக்னல் கிடைக்கவில்லை என்றால், வயர்கார்டு வசதியுள்ள, கட்டணம் வாங்கும் சேவை ஒன்றை முதலில் ஒரே ஒரு மாதத்துக்கு எடுங்கள். மூன்று ஆண்டுத் தள்ளுபடிக்கு மயங்க வேண்டாம். ஊரில் பெற்றோர் வீட்டில் பிராட்பேண்ட் இருந்து, அங்கே ஒரு சிறிய கணினியையோ வயர்கார்டு தாங்கும் ரவுட்டரையோ வைக்க முடிந்தால், அதையே உங்கள் சொந்த விபிஎன் சர்வராக ஆக்கிக்கொள்ளலாம். பல நிறுவனங்கள் ஒரே ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருவதால் வெளியிலிருந்து அந்த வீட்டை எட்ட முடியாமல் போவது இதில் வரும் முக்கியச் சிக்கல். தனி ஐபி முகவரி தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். விடுதிக்காரரிடமிருந்து மறைவது மட்டுமே நோக்கம் என்பதால், எந்த வணிக விபிஎன் நிறுவனத்தையும் நம்ப வேண்டியிராத இந்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது.

எடுத்த பிறகு செய்ய வேண்டியவை சில. ஆண்ட்ராய்டின் விபிஎன் அமைப்பில், எப்போதும் இயங்கும்படியும், விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடுக்கும்படியும் இரண்டு தேர்வுகள் இருக்கும், இரண்டையும் இயக்குங்கள். இல்லாவிட்டால் சிக்னல் விட்டுவிட்டு வரும் அறையில் விபிஎன் துண்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் செயலிகள் நேர்வழியில் போய்விடும். விடுதி வைஃபையில் பயனர் பெயர் கேட்கும் பக்கம் ஒன்று முதலில் திறக்குமானால், அந்தத் தடையைத் தற்காலிகமாக நீக்கி, உள்நுழைந்து, பிறகு மறுபடி இயக்க வேண்டியிருக்கும். பின்னர் டிஎன்எஸ் கசிவைச் சோதிக்கும் தளம் ஒன்றைத் திறந்து, விடுதி பயன்படுத்தும் இணைய நிறுவனத்தின் பெயர் அதில் எங்காவது தெரிகிறதா என்று பாருங்கள். ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் நாட்டு இணைப்புகளில் ஐபிவி6 மிகப் பரவலாக இருப்பதால் கசிவு அந்தப் பக்கமாக நேர வாய்ப்பு அதிகம். வங்கிச் செயலிகள் வெளிநாட்டு ஐபி முகவரியைக் கண்டு சந்தேகப்பட்டு நின்றுவிடலாம். அப்போது, விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடுக்கும் தேர்வை நிறுத்திவிட்டு, அந்தச் செயலியை மட்டும் விபிஎன்னுக்கு வெளியே விடும் தேர்வைப் பயன்படுத்துங்கள்; தடுப்பு இயங்கும்போது வெளியே விடப்பட்ட செயலிக்கு இணையமே கிடைக்காது. எந்த வங்கி என்ற பெயர் மட்டும்தான் அதனால் வெளிப்படும்.

மடிக்கணினியில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 2024 மே மாதத்தில் டனல்விஷன் என்ற பெயரில் வெளியான பலவீனம், வைஃபையை நடத்துபவர் வைஃபையில் சேரும் கருவிகளுக்கு முகவரி ஒதுக்கும் தன் டிஎச்சிபி சர்வரின் வழியாகச் சில பாதைகளை அனுப்பி, விபிஎன் இணைந்திருக்கும்போதே போக்குவரத்தை அதற்கு வெளியே திருப்ப முடியும் என்று காட்டியது. ஆண்ட்ராய்டு அந்தப் பாதை அறிவிப்பை ஏற்பதில்லை என்பதால் அது தப்பியது. விண்டோஸ், மேக், ஐபோன் ஆகியவை பாதிக்கப்பட்டன. உங்கள் விடுதிக்காரர் இந்த அளவுக்குப் போவார் என்று நான் நினைக்கவில்லை. ஆயினும் மடிக்கணினியை விடுதி வைஃபையில் சேர்க்காமல் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் இந்தக் கவலை இல்லை. அலுவலக விபிஎன்னைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: அது அந்த மடிக்கணினியை மட்டுமே காக்கும், கைபேசிக்குப் பயன்படாது. பல நிறுவனங்கள் அலுவலக சர்வர்களுக்குப் போவதை மட்டும் அதன் வழியாக அனுப்பி, மற்றவற்றை நேரே விட்டுவிடுகின்றன. எல்லாமே அதன் வழியாகச் சென்றாலும், பார்ப்பவர் விடுதிக்காரராக இல்லாமல் உங்கள் அலுவலகத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவாக இருக்கும். சொந்த விஷயங்களுக்கு அந்தக் கணினியைப் பயன்படுத்தாதிருப்பதே சரி.

கடைசியாக ஒன்று. வைஃபை வேலை செய்ய வேண்டுமானால் இந்தச் சான்றிதழ்க் கோப்பை உங்கள் கைபேசியில் நிறுவ வேண்டும் என்று விடுதியில் எப்போதாவது சொன்னால், நிறுவாதீர்கள். அப்படி ஒரு சான்றிதழை நம்பும்படி கைபேசிக்குச் சொல்லிவிட்டால், இடையில் இருப்பவரால் எச்டிடிபிஎஸ் உறையையே பிரித்து உள்ளே இருப்பதைப் படிக்க முடியும். உலாவியில் திறக்கும் பக்கங்களைப் பொறுத்தவரை, மேலே அவருக்கு எட்டாது என்று நான் எழுதியவற்றில் பலவும் அந்த நொடியிலிருந்து பொய்யாகிவிடும். ஏற்கனவே நிறுவியிருக்கிறீர்களா என்பதை ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு அமைப்புகளுக்குள், நம்பகமான சான்றுகள் என்ற பட்டியலில் பயனர் என்ற பகுதியைத் திறந்து இன்றே பாருங்கள். சாதாரணமாக அந்தப் பகுதி காலியாக இருக்க வேண்டும். விடுதியோ ரவுட்டர் நிறுவனமோ சார்ந்த பெயர் அங்கே இருந்தால் அதை நீக்கிவிட்டு, மொபைல் டேட்டாவுக்கு மாறி, மின்னஞ்சல், வங்கி ஆகியவற்றின் கடவுச்சொற்களை அங்கிருந்தபடியே மாற்றிவிடுங்கள்.